திருவிழாவுக்குக் கூடுபவர்கள் மற்ற நாட்களில் கூடலாமே!

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது நம் திருத்தணியில் அதிகாரிகளின் ஆலோசனைக் கூட்டம் நடப்பது வழக்கம். கோயில் நிர்வாகம், நகராட்சி, காவல்துறை, மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், சுகாதாரத்துறை, தீயணைப்புத்துறை என்று எல்லோரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசுவர். வெளியூர்ப் பேருந்துகள் எங்கே நிற்பது, காவடி எடுத்து வருவோர் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குவது, தெப்பம் நடக்கும் நாட்களில் சரவணப் பொய்கைக் கரையில் தடுப்புக் கட்டுவது, குடிநீர், கழிப்பிடம், விளக்கு ஆகிய அனைத்தும் அங்கே பேசப்படும். சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசும் அடியார்கள் பெருங்கூட்டமாக வருவதால் அறிவிப்புகளும் இரண்டு மொழியில் ஒலிக்கும்.

திருட்டைத் தடுப்பது காவலர் வேலை, குப்பை அள்ளுவது நகராட்சி வேலை என்றே நாம் எண்ணுகிறோம். அது முழு உண்மை அன்று. நடைபாதையில் பாதியைக் கடைகள் அடைத்துக்கொண்டால் மீதிப் பாதியில் நெரிசல் உண்டாகும். ஜேப்படித் திருடனுக்கும் சங்கிலி பறிப்பவனுக்கும் அந்த நெரிசல்தான் வேண்டும். பத்துக் காவலர்களை அங்கே நிறுத்துவதைவிட வழியைத் திறந்து விடுவது மேலானது. வழியைத் திறக்க வேண்டியதோ நகராட்சி. பெண்களின் கழிப்பிடம் இருட்டான மூலையில் இருந்தால் காவலர் எத்தனை பேர் இருந்தும் என்ன பயன்? இடத்தை முடிவு செய்கிறவர்களும் காவல் காக்கிறவர்களும் முன்னதாகவே கலந்து பேசினால்தான் அது சரியாகும்.

அப்படியானால் ஆண்டு முழுவதும் இவர்கள் ஏன் கூடிப் பேசுவதில்லை? இதற்கு விடை நம் சமூக அறிவியல் பாடத்தில் இருக்கிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது. 74-வது திருத்தத்தின் மூலம் வந்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகள் கூறப்பட்டுள்ளன. தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பொதுக் கழிப்பிடம் ஆகியவை அவற்றில் அடங்கும். காவல் அவற்றில் இல்லை. ஆகவே நகர்மன்றத் தலைவர் ஒரு காவலருக்குக்கூட உத்தரவிட முடியாது. காவல் ஆய்வாளரும் ஒரு விளக்கைப் போடும்படி நகராட்சிக்குக் கடிதம் எழுதலாமே தவிர, கட்டளையிட முடியாது.

முற்காலத்தில் இந்தப் பிரிவு இவ்வளவு பெரிதாக இல்லை. சோழர் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற வரி வருகிறது. ஊர்க் காவலுக்கென்று ஊரார் கொடுத்தது அது. ஆங்கிலேயர் 1859-ஆம் ஆண்டுச் சென்னை மாவட்டக் காவல் சட்டத்தின் மூலம் காவலை முழுதும் அரசின் கீழ்க் கொண்டு வந்தனர். பழைய ஊர்க்காவலில் சாதியும் அடாவடியும் கலந்திருந்ததால் அது அப்படியே திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அந்த ஆங்கிலேயர் தங்கள் நாட்டில் பிற்காலத்தில் செய்தது வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1998-இல் ஒரு சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றமும் காவல்துறையும் சேர்ந்து, அந்தப் பகுதியில் எங்கே என்ன குற்றம் நடக்கிறது என்று ஆராய்ந்து, மக்களின் கருத்தையும் கேட்டு, மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்றை வெளியிட வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. உள்ளாட்சி மன்றம் எந்தப் பணியைச் செய்தாலும், அதனால் குற்றம் கூடுமா குறையுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதன் 17-ஆம் பிரிவு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் இதே சட்டம், தொந்தரவு செய்கிறவர்கள் மீது தடை ஆணை வாங்கவும் வழி செய்தது. அந்த ஆணைகள் பல சிறுவர்கள் மீதே போயின என்ற குறை எழுந்தது. பின்னர் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மாற்றியது.

நம் மாநிலத்திலும் ஒரு முயற்சி நடந்தது. 1993-இல் இராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் 'காவல்துறை நண்பர்கள் குழு'வைத் தொடங்கினார். மக்கள் அச்சமின்றிக் காவலர்களோடு பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். அது தமிழகமெங்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, இக்குழுவினர் மீதும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே அரசு அக்குழுவைத் தடை செய்தது. குழுவினர் காவல் நிலையத்தின் வழியாகவே சேர்க்கப்பட்டவர்கள். ஊரார் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அல்லர். நகர்மன்ற உறுப்பினர் அப்படியல்லர். அவர் தவறினால் அடுத்த தேர்தலில் நாம் கேட்கலாம். (நாம் என்றது பெரியவர்களை. எனக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் உள்ளன!)

பெரிய திட்டம் எதுவும் இல்லாமலே இதைத் தொடங்கலாம். ஒரு தெருவில் விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாலை ஏழு மணிக்குத் தனிப்பயிற்சி முடிந்து வரும் பெண்கள் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போகிறார்கள். சில வீடுகளில், "இனி நீ டியூஷனுக்குப் போக வேண்டாம்" என்று நிறுத்தியே விடுகிறார்கள். குற்றம் எதுவும் நடக்கவில்லை. எனவே காவல் நிலையப் பதிவேட்டில் அந்தத் தெரு இல்லை. நகராட்சியின் கணக்கில் அது பழுதான விளக்குகளில் ஒன்று, அவ்வளவே. ஒரு பெண்ணின் படிப்பு நின்று போனது இரண்டு ஏட்டிலும் ஏறாது.

2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபை போலவே இதில் வார்டு மக்கள் தங்கள் குறைகளைச் சொல்லலாம். அந்தக் கூட்டத்துக்குக் காவல் நிலையத்திலிருந்து ஓர் உதவி ஆய்வாளரும், ஒரு பெண் காவலரும் வந்து அமர்ந்தால் போதும். எந்தத் தெரு இருட்டு, மதுக்கடையிலிருந்து வருவோர் எந்த வழியில் நிற்கிறார்கள், இரயில் நிலையத்திலிருந்து தனியாக வரும் பெண்களுக்கு எந்த இடம் அச்சம் என்று தாய்மார்கள் சொல்வார்கள். விளக்கை நகராட்சி போடட்டும், ரோந்தைக் காவல்துறை அந்த வழியாக அனுப்பட்டும். பொன்பாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஆந்திரம் என்பதால், திருடியவன் அரைமணி நேரத்தில் வேறு மாநிலத்தில் இருப்பான். பிறகு அவனைத் தேடுவதற்கு ஆகும் பெட்ரோல் செலவு ஒரு மின்விளக்கின் விலையைவிட அதிகம் என்று எங்கள் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார்.