சமுத்திரமும் காலநிலையும்: எளிய பரிசோதனைகளும் இலவசத் தரவுகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம், புவியியல் ஆகிய இரு பாடங்களுக்கும் பயன்படத்தக்கது

இப்பாடத்தைக் கற்றபின் நீங்கள்,
• பூமியின் வெப்பத்தைச் சமுத்திரம் சேமிக்கும் விதத்தை விளக்குவீர்கள்.
• கடல்மட்டம் உயர்வதற்கான இரு பிரதான காரணங்களைப் பரிசோதனை மூலம் காட்டுவீர்கள்.
• சமுத்திரம் அமிலமாதல் என்பதன் பொருளைச் சரியாக எழுதுவீர்கள்.
• தரப்பட்ட தரவு அட்டவணையிலிருந்து முடிவுகளைப் பெறுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, காலநிலை மாற்றம் பற்றிய வினா வந்தால் வாகனப் புகை, தொழிற்சாலை, காடழிப்பு என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்பவர்களே அதிகம். விடையில் கடலைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. ஆனால் பூமியின் மேற்பரப்பில் ஏறத்தாழ 71 சதவீதத்தைச் சமுத்திரமே மூடியுள்ளது. பூமியிலுள்ள நீரில் ஏறத்தாழ 97 சதவீதம் அங்கேயே உள்ளது. பச்சைவீட்டு வாயுக்களின் அதிகரிப்பினால் பூமியில் தேங்கிய மேலதிக வெப்பத்தில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்டதைச் சமுத்திரமே உள்வாங்கியுள்ளது. மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கும் அதிலேயே கரைகின்றது. ஆகவே சமுத்திரத்தை விட்டுவிட்டு எழுதப்படும் விடை அரைகுறை விடையாகும்.

இவற்றைக் கற்பிப்பதற்கெனப் பல நிறுவனங்கள் பாடக்குறிப்புகளையும் பரிசோதனைகளையும் தரவுகளையும் இலவசமாக வெளியிட்டுள்ளன. 2005 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் இணைந்து சமுத்திரம் பற்றி ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஏழு தத்துவங்களைத் தொகுத்தனர். பூமியில் உள்ளது ஒரே பெரிய சமுத்திரம் என்பது அவற்றுள் முதலாவது. வானிலையிலும் காலநிலையிலும் சமுத்திரம் பெரும் செல்வாக்குச் செலுத்துகின்றது என்பது மூன்றாவது. 2017 இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் சமுத்திரவியல் ஆணைக்குழு இதே நோக்கில் ஆசிரியர்களுக்கான நூலொன்றை வெளியிட்டது. 2018 இல் பாரிஸ் நகரில் காலநிலைக் கல்விக்கான அலுவலகம் ஆரம்பிக்கப்பட்டது. காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2019 இல் வெளியிட்ட சிறப்பறிக்கையைத் தழுவி, சமுத்திரமும் பனிமண்டலமும் பற்றிய ஆசிரியர் கைந்நூலை இவ்வலுவலகம் தயாரித்தது.

இவை பெரும்பாலும் ஆங்கிலம், பிரெஞ்சு போன்ற மொழிகளில் உள்ளன. மொழி உங்களுக்குத் தடையாக இருக்கலாம். பரிசோதனைக்கு மொழி தடையில்லை. உலகெங்கும் வகுப்பறைகளில் செய்யப்படும் நான்கு எளிய பரிசோதனைகள் கீழே தரப்பட்டுள்ளன. இவற்றுக்கு ஆய்வுகூடம் அவசியமில்லை. வீட்டிலுள்ள பொருட்களே போதும்.

2. பரிசோதனைகள்

பரிசோதனை 1: நீர் வெப்பத்தைச் சேமித்தல்

தேவையானவை: இரண்டு பலூன்கள், மெழுகுதிரி, நீர்.

செய்முறை: ஒரு பலூனை வளியால் மட்டும் நிரப்புக. மற்றதில் அரைவாசிக் கோப்பை நீரை விட்டு, பின்னர் ஊதிக் கட்டுக. முதலாவதைச் சுவாலையின் மேல் பிடிக்க. அடுத்து இரண்டாவதை, அதன் நீருள்ள அடிப்பகுதி சுவாலைக்கு மேல் இருக்கும்படி சில செக்கன்கள் பிடிக்க. (பெரியவர் ஒருவரின் முன்னிலையில் மட்டும் செய்க. முகத்தைத் தூரத்தில் வைத்துக்கொள்க.)

அவதானம்: வளி நிரப்பிய பலூன் உடனே வெடிக்கும். நீருள்ள பலூன் வெடிக்காது. அடியில் கரி மட்டும் படியும்.

விளக்கம்: 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 பாகை செல்சியசினால் உயர்த்த ஏறத்தாழ 4200 யூல் வெப்பம் தேவை. 1 கிலோகிராம் வளிக்கு ஏறத்தாழ 1000 யூல் போதும். சுவாலை கொடுக்கும் வெப்பத்தை நீர் எடுத்துக்கொள்வதால் இறப்பரின் வெப்பநிலை அதிகம் உயர்வதில்லை. சமுத்திரத்தின் திணிவோ வளிமண்டலத்தின் திணிவைப் போல் ஏறத்தாழ 270 மடங்காகும். தன்வெப்பக் கொள்ளளவும் கூட, திணிவும் கூட. எனவேதான் சமுத்திரம் பெருமளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டும் மெதுவாகவே சூடாகின்றது. அதே காரணத்தால் மெதுவாகவே குளிரும். வெளியேற்றத்தை இன்று நிறுத்தினாலும் கடலில் சேர்ந்த வெப்பம் நெடுங்காலம் நிலைத்திருக்கும் என்பதை மறவாதீர்கள்.

பரிசோதனை 2: எந்தப் பனிக்கட்டி கடல்மட்டத்தை உயர்த்துகின்றது?

தேவையானவை: ஒரே அளவான இரு கண்ணாடிக் கிண்ணங்கள் (அ, ஆ), இரண்டு கற்கள், ஒரே அளவான பனிக்கட்டிகள், நீர், பேனை.

செய்முறை: இரு கிண்ணங்களிலும் ஒவ்வொரு கல்லை வைக்க. கல்லின் மேற்பகுதி நீருக்கு வெளியே நிற்கும்படி நீர் விடுக. அ கிண்ணத்தில் பனிக்கட்டிகளை நீரில் மிதக்க விடுக. ஆ கிண்ணத்தில் பனிக்கட்டிகளைக் கல்லின் மேல் வைக்க. உடனடியாக இரு நீர்மட்டங்களையும் வெளியே குறித்துக்கொள்க. பனிக்கட்டி முழுவதும் உருகியபின் மீண்டும் பார்க்க.

அவதானம்: அ கிண்ணத்தில் நீர்மட்டம் மாறவில்லை. ஆ கிண்ணத்தில் உயர்ந்துள்ளது.

விளக்கம்: மிதக்கும் பனிக்கட்டி தனது நிறைக்குச் சமமான நிறையுடைய நீரை இடம்பெயர்க்கின்றது (ஆக்கிமிடீசின் தத்துவம்). அது உருகும்போது உண்டாகும் நீர், அது முன்னர் இடம்பெயர்த்த இடத்தை மட்டுமே நிரப்பும். கல்லின் மேலிருந்த பனிக்கட்டியோ நீரை இடம்பெயர்க்கவில்லை. அது உருகி ஓடிவரும் நீர் முழுவதும் புதிதாகச் சேர்ந்த நீராகும். (கடல்நீர் உவர்நீர் ஆகையால் மிதக்கும் பனி உருகும்போதும் மிகச் சிறிய உயர்வு உண்டு. சாதாரண தர விடையில் அதைப் புறக்கணிக்கலாம்.)

ஆட்டிக் கடலில் மிதக்கும் பனி அ கிண்ணத்துக்கு ஒப்பானது. கிறீன்லாந்து, அந்தாட்டிக்கா ஆகிய நிலப்பரப்புகளை மூடியுள்ள பனியும் மலைகளிலுள்ள பனிக்கட்டியாறுகளும் ஆ கிண்ணத்துக்கு ஒப்பானவை. கிறீன்லாந்துப் பனிப்படலம் முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீற்றர் உயரும்.

அப்படியானால் ஆட்டிக் பனி உருகுவதால் தீங்கில்லையா? உண்டு. வெண்ணிறப் பனி சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் தெறிக்கச் செய்கின்றது. பனி நீங்கியதும் வெளிப்படும் கருநிறக் கடல்நீர் அவ்வொளியை உறிஞ்சி மேலும் சூடாகின்றது. சூடு கூடக் கூட மேலும் பனி உருகுகின்றது.

பரிசோதனை 3: வெப்பமேற்றும்போது நீர் விரிதல்

ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலை நிறம் சேர்த்த நீரால் விளிம்புவரை நிரப்புக. குமிழ்முனைப் பேனையின் வெறுங்குழாயை அதனுள் செலுத்தி, வாயைக் களியால் காற்றுப் புகாதவாறு அடைக்க. குழாயிலுள்ள நீர்மட்டத்தைக் குறித்தபின் போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைக்க. மட்டம் முதலில் சற்று இறங்கி, பின்னர் தொடர்ந்து ஏறுவதைக் காண்பீர்கள். முதலில் கண்ணாடி விரிவதால் மட்டம் இறங்குகின்றது. வெப்பம் உள்ளே சென்றபின் நீர் அதைவிடக் கூடுதலாக விரிகின்றது.

கடலுக்கும் இதுவே நிகழ்கின்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 1971 முதல் 2018 வரையான உயர்வில் ஏறத்தாழ அரைவாசிக்குக் காரணம் இவ்வெப்ப விரிவே. "பனி உருகுதல்" என்று மட்டும் எழுதுபவர்கள் இங்கு அரைவாசிப் புள்ளியை இழக்கின்றார்கள்.

பரிசோதனை 4: சிப்பி ஓடும் அமிலமும்

கடற்கரையில் பொறுக்கிய வெற்றுச் சிப்பி ஓடொன்றை வினாகிரியில் இடுக. குமிழிகள் எழுவதையும், ஓரிரு நாட்களில் ஓடு மெலிந்து நொறுங்குவதையும் அவதானிக்க. ஓட்டிலுள்ள கல்சியம் காபனேற்று அமிலத்துடன் தாக்கமுற்று காபனீரொட்சைட்டை வெளிவிடுகின்றது.

வளிமண்டலக் காபனீரொட்சைட்டு கடல்நீரில் கரைந்து காபோனிக்கமிலத்தை உண்டாக்கும். அதிலிருந்து வெளிவரும் ஐதரசன் அயன்கள் நீரிலுள்ள காபனேற்று அயன்களுடன் சேர்ந்துகொள்வதால், சிப்பிகளும் முருகைகளும் ஓடும் வன்கூடும் ஆக்குவதற்கான காபனேற்று குறைந்துபோகின்றது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பு நீரின் பீஎச் பெறுமானம் இன்று ஏறத்தாழ 8.1 ஆகும். கவனிக்க: 8.1 என்பது இன்னமும் காரத்தன்மையே. கடல் அமிலமாக மாறிவிட்டது என்று எழுதுவது பிழை. பீஎச் பெறுமானம் குறைந்துசெல்வதையே அமிலமாதல் என்கிறோம். வினாகிரி கடல்நீரைவிடப் பன்மடங்கு வன்மையானது. எனவே இப்பரிசோதனை தாக்கத்தின் தன்மையைக் காட்டுமேயன்றி அதன் வேகத்தைக் காட்டாது.

வெப்பமும் முருகைகளைத் தாக்குகின்றது. நீர் அளவுக்கு மீறிச் சூடானால், முருகை தன்னுள் வாழும் நுண்ணிய அல்காக்களை வெளியேற்றி வெளிறிவிடும். 1998 இல் ஹிக்கடுவை உட்பட இலங்கையின் முருகைக்கற்பாறைகள் பல இவ்வாறு வெளிறிப் பெரும் அழிவுக்குள்ளாயின.

3. தரவுகளை வாசித்தல்

கடலின் உட்பகுதி சூடாவதை எவ்வாறு அறிகிறார்கள்? 1999 ஆம் ஆண்டளவில் ஆரம்பமான ஆர்கோ திட்டத்தின் மூலம் தானியங்கி மிதவைகள் உலகச் சமுத்திரங்களில் விடப்பட்டன. 2007 இல் அவற்றின் எண்ணிக்கை 3000 ஐ எட்டியது. ஒவ்வொரு மிதவையும் ஏறத்தாழ 1000 மீற்றர் ஆழத்தில் நீரோட்டத்துடன் செல்லும். பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீற்றர் வரை இறங்கி, பின்னர் மேலெழும்போது வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் அளந்து, மேற்பரப்பை அடைந்ததும் செய்மதிக்கு அனுப்பும். இந்து சமுத்திரத்திலும் இவை உள்ளன. இத்தரவுகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்.

வளிமண்டலத்துக்கும் இத்தகைய தரவு உண்டு. 1958 இல் சார்ள்ஸ் டேவிட் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் காபனீரொட்சைட்டைத் தொடர்ச்சியாக அளக்கத் தொடங்கினார். அங்கு பெறப்பட்ட ஆண்டுச் சராசரிகள் (வளியின் மில்லியன் பங்கில்):

1960 – 317
1980 – 339
2000 – 370
2020 – 414

இவ்வட்டவணையை மனனம் செய்ய வேண்டாம். கழித்துப் பாருங்கள். முதல் 20 ஆண்டுகளில் அதிகரிப்பு 22. அடுத்த 20 ஆண்டுகளில் 31. இறுதி 20 ஆண்டுகளில் 44. அளவு கூடுவது மட்டுமன்றி, கூடும் வேகமும் கூடுகின்றது. இதுவே அட்டவணை சொல்லும் முக்கிய செய்தி. தரவு வினாக்களில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பார்ப்பவர் இதைக் காணமாட்டார்.

4. மாணவர் விடும் பொதுவான தவறுகள்

• வானிலையையும் காலநிலையையும் ஒன்றாகக் கருதுதல். ஒரு நாள் மழை வானிலை. நீண்டகாலச் சராசரியே காலநிலை.
• சுனாமியைக் காலநிலை மாற்றத்தின் விளைவாக எழுதுதல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குக் காரணம் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட பூமியதிர்ச்சி.
• ஓசோன் படை நலிவே புவி வெப்பமடைதலின் பிரதான காரணம் என எழுதுதல். இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள்.

5. மாதிரி வினாக்கள்

(1) கடல்மட்ட உயர்வுக்கான பிரதான காரணங்கள் இரண்டு தருக. (2 புள்ளிகள்)
(2) குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகியபின் நீர்மட்டம் மாறாமைக்குக் காரணம் யாது? (2 புள்ளிகள்)
(3) "கடல்நீரின் பீஎச் 8.1 ஆக இருப்பதால் அமிலமாதல் நிகழவில்லை." இக்கூற்றை விமர்சிக்க. (3 புள்ளிகள்)
(4) மேலுள்ள அட்டவணையின்படி 1960 – 1980, 2000 – 2020 காலப்பகுதிகளில் ஆண்டொன்றுக்கான சராசரி அதிகரிப்பைக் கணித்து ஒப்பிடுக. (3 புள்ளிகள்)

விடைக் குறிப்புகள்

(1) கடல்நீரின் வெப்ப விரிவு. நிலத்திலுள்ள பனி உருகிக் கடலைச் சேர்தல்.
(2) பனிக்கட்டி தன் நிறைக்குச் சமமான நீரை ஏற்கெனவே இடம்பெயர்த்துள்ளது. உருகிய நீர் அவ்விடத்தையே நிரப்பும்.
(3) கூற்று தவறு. பீஎச் 8.2 இலிருந்து 8.1 ஆகக் குறைந்துள்ளது, குறைதலே அமிலமாதல், நீர் இன்னமும் காரத்தன்மையுடையதாயினும் ஓடு ஆக்கும் உயிரினங்கள் பாதிப்புறும்.
(4) 22 ÷ 20 = 1.1; 44 ÷ 20 = 2.2. அதிகரிப்பு வேகம் இருமடங்காகியுள்ளது.

மாணவர்களே, இந்நான்கு பரிசோதனைகளுள் இரண்டாவதையாவது இவ்வாரமே வீட்டில் செய்து பாருங்கள். பனிக்கட்டி உருகுமுன் விடையைக் கொப்பியில் எழுதி வையுங்கள். உருகியபின் அதைத் திருத்துங்கள். கண்ணால் கண்டதைப் பரீட்சை மண்டபத்தில் மறப்பது கடினம். நீங்கள் வளர்ந்து முதியவராகும் காலத்தில் எமது கரையோரக் கிராமங்கள் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்பதும் இப்பாடத்தோடு சம்பந்தப்பட்டதே. புள்ளிக்காக மட்டுமன்றி, விளங்கிக்கொள்வதற்காகவும் கற்றுக்கொள்ளுங்கள்.