காரை இழுத்துச் செல்ல எந்த டிரெய்லர்? முதலில் கியர் பெட்டியைக் கேளுங்கள்

பெட்டாலிங் ஜெயா எஸ்.எஸ்.2 பக்கம் கார் நிறுத்த இடம் தேடி நீங்கள் ஒரு முறையாவது சுற்றியிருப்பீர்கள். அதே சாலையில் 7 மீட்டர் நீள மோட்டார்ஹோமுடன் சுற்றுவதாகக் கற்பனை செய்துபாருங்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும். ஆனால் ஒரு பாக்கெட் பால் வாங்க வேண்டுமென்றாலும் முழு வீட்டையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய மோட்டார்ஹோம் வைத்திருக்கும் பலர் பின்னால் ஒரு சிறிய காரையும் இழுத்துச் செல்வது இதனால்தான். வீட்டை முகாமில் நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றுவார்கள்.

இழுத்துச் செல்ல மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, காரின் நான்கு சக்கரங்களும் தரையில் உருள, முன்புறத்தை ஓர் இரும்புச் சட்டத்தால் மோட்டார்ஹோமோடு பிணைப்பது. இரண்டாவது, 'டாலி' என்ற இரண்டு சக்கரச் சிறுவண்டியில் காரின் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றுவது. மூன்றாவது, முழுக் காரையும் டிரெய்லரின் மேல் ஏற்றிக் கட்டுவது. விலையும் எடையும் இதே வரிசையில் கூடும். பலரும் விலையைப் பார்த்துத்தான் தேர்வைத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் காரின் கியர் பெட்டி. ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் எண்ணெயைச் சுழற்றும் பம்பை இயக்குவது இயந்திரம். இயந்திரம் அணைந்திருக்க, சக்கரங்கள் மட்டும் உருண்டால், உள்ளே பற்சக்கரங்கள் சுற்றும், எண்ணெய் வராது. கியரை 'என்' நிலையில் வைத்தாலும் பம்ப் ஓடப்போவதில்லை. கொஞ்ச தூரத்திலேயே சூடேறி உள்பாகங்கள் தேயத் தொடங்கும். சிவிடி வகையில் ஆபத்து இன்னும் அதிகம். அதில் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதே எண்ணெய் அழுத்தம்தான். 2021 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட மைவியில் இருப்பது டி-சிவிடி. நான்கு சக்கரமும் தரையில் உருள அதை ஈப்போ வரை இழுத்துப் போவது, கியர் பெட்டியைப் பலி கொடுப்பதற்குச் சமம்.

அப்படியானால் முன்சக்கரங்களை ஏற்றும் டாலி போதுமா? மைவிக்குப் போதும், ஏனென்றால் அது முன்சக்கர இயக்கம். அதே பெரோடுவா தயாரித்த அருஸ் பின்சக்கர இயக்கம். அதன் முன்சக்கரங்களைத் தூக்கி வைத்தால், கியர் பெட்டியோடு தொடர்புள்ள பின்சக்கரங்கள்தான் சாலையில் உருளும். நான்கு சக்கர இயக்கக் கார்களுக்கும் மின்சாரக் கார்களுக்கும் முழு டிரெய்லரே பாதுகாப்பு. மின்சாரக் காரின் சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழன்று ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கும். டாலியிலோ நான்கு சக்கர இழுவையிலோ இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னோக்கி ஓட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். தவறான சந்தில் நுழைந்துவிட்டால் காரைக் கழற்றித்தான் திரும்ப வேண்டும்.

மோட்டார்ஹோம் இல்லாதவர்களுக்கும் இது பயன்படும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் உங்கள் கார் நின்றுபோனால், இழுவை லோரிக்காரரிடம் பேரம் பேசுவதற்கு முன் காரின் இயக்கம் எது என்று சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால், முழுக் காரையும் மேலே ஏற்றும் சமதள லோரியையே கேளுங்கள்.

இனி எடை. ஒரு கணக்குக்காக, காரின் எடை 1,000 கிலோ, டிரெய்லரின் எடை 700 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 1,700 கிலோ. முதல் கேள்வி, இதை மோட்டார்ஹோம் இழுக்குமா என்பதல்ல, நிறுத்துமா என்பதுதான். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் நோக்கி இறங்கும்போது, பிரேக் இல்லாத 1,700 கிலோ உங்களைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். நம் ஊரில் வாங்குவதற்கு முன், பதிவும் அங்கீகாரமும் கிடைக்குமா என்று ஜேபிஜே-யிடம் கேட்டுவிடுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்பது வீண்.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்காருகிறது என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. டிரெய்லரைக் குழந்தைகள் விளையாடும் ஏற்றஇறக்கப் பலகையாக நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு நடுத்தாங்கி. முன்னால் எடை அதிகமானால் இணைப்புக் குண்டின் மேல் பாரம் இறங்கும். பின்னால் அதிகமானால் அந்தப் பாரம் குறையும். அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இணைப்பில் விழ வேண்டும் என்பார்கள். நம் 1,700 கிலோவுக்கு 10 விழுக்காடு என்றால் 170 கிலோ.

இங்கேதான் ஒரு வேடிக்கை. முன்சக்கர இயக்கச் சிறுகாரில் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்சக்கரங்களின் மேல் இருக்கும். சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் என்றால், எடைமையம் முன்சக்கரத்திலிருந்து 1 மீட்டர் பின்னால் இருக்கும். காரைப் பின்புறமாக ஏற்றி, சக்கரங்களை அதே இடங்களில் நிறுத்தினால், எடைமையம் அரை மீட்டர் பின்னால் போய்விடும். அச்சிலிருந்து இணைப்புக்கு 4 மீட்டர் தூரம் என்றால், 1,000 கிலோவை அரை மீட்டரால் பெருக்கி 4 ஆல் வகுக்க, இணைப்புப் பாரம் 125 கிலோ குறைகிறது. மிச்சம் 45 கிலோ, மொத்தத்தில் 3 விழுக்காடுகூட இல்லை. அதே கார், அதே டிரெய்லர். ஊர் போய் இறக்குவதற்குச் சுலபம் என்று காரைத் திருப்பி ஏற்றியதுதான் வித்தியாசம்.

பாரம் பின்னால் குவிந்த டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். பக்கத்தில் ஒரு விரைவுப் பேருந்து கடந்தாலே போதும், அந்தக் காற்று அதைத் தள்ளிவிடும். மெதுவாக ஓட்டும்போது டயர்களின் பிடிப்பு அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். வேகம் கூடக் கூட அடக்கும் திறன் குறைகிறது. ஒரு வேகத்தைத் தாண்டினால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். 80 கிலோமீட்டரில் சமர்த்தாக வந்த டிரெய்லர் 110-இல் முன்னால் உள்ள வண்டியையே கவிழ்த்துவிடும். ஆட்டம் தொடங்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிரேக்கையும் அழுத்தாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுங்கள். டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இயக்கும் கருவி இருந்தால் அதை மட்டும் மெல்ல இயக்குங்கள்.

பாரத்தை முன்னால் அளவுக்கு மீறிக் குவிப்பதும் தீர்வல்ல. மோட்டார்ஹோமின் சக்கர இடைவெளி 3 மீட்டர், இணைப்பு பின்அச்சிலிருந்து 1.5 மீட்டர் வெளியே என்றால், அந்த 170 கிலோ பின்அச்சில் 255 கிலோவாக உட்காரும், முன்அச்சிலிருந்து 85 கிலோவைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகும், மழைச் சாலையில் முன்சக்கரம் வழுக்கும். அதனால் டிரெய்லரின் விவரத் தாளோடு, மோட்டார்ஹோமின் பின்அச்சு எவ்வளவு தாங்கும் என்பதையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்போது அங்கே இடம் மிச்சம் இருக்கிறதா?

இணைப்புப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். குளியலறைத் தராசு 170 கிலோ தாங்காது. உறுதியான பலகையின் ஒரு முனையைத் தராசின் மேலும், மறுமுனையை அதே உயரச் செங்கல்லின் மேலும் வைத்து, சரியாக நடுவில் இணைப்பு முனையை இறக்குங்கள். டிரெய்லர் சமதரையில், சக்கரத்துக்கு அண்டை கொடுத்து நிற்க வேண்டும். தராசு காட்டுவது பாதிப் பாரம். பலகை மட்டும் இருக்கும்போது காட்டிய எண்ணை முதலில் கழித்துவிட்டு, மீதியை இரண்டால் பெருக்குங்கள். காரை ஏற்றிக் கட்டிய பிறகு அளக்க வேண்டும், வெறும் டிரெய்லரை அளந்து பயனில்லை.