உருளை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம்

கேள்வி: குன்னூர் தேயிலை ஆலைக்கு இறக்குமதியாகும் சி.டி.சி. உருளை, அதன் போல்ட் இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். சுங்கத்தில் ஏன் வெவ்வேறு எண்?

பதில்: எது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதைச் சுங்க அட்டவணையின் 72ஆம் அத்தியாயம் வரையறுக்கிறது: குரோமியம் 10.5 சதவீதமாவது வேண்டும், கார்பன் 1.2ஐத் தாண்டக் கூடாது. தகடு, கம்பிக்கு அது போதும். பண்டமாகிவிட்டால் பயன் முந்திக்கொள்ளும். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டவே கடைந்த உருளை இயந்திரப் பாகம். அதன் இடம் 8438. போல்ட்டும் அதே இயந்திரத்தில்தானே பூட்டப்படுகிறது என்பீர்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் திருகு, போல்ட் போன்ற பொதுப் பாகங்களை இயந்திரப் பிரிவின் முதற்குறிப்பே விலக்கிவிடுகிறது. அந்த ஆலைக்கென்றே தனி அளவில் செய்தாலும் 7318தான். விசித்திரம் இன்னொன்று: டீ போடும் எவர்சில்வர் பாத்திரம் 7323, அந்த டீயைச் சூடாக வைக்கும் எவர்சில்வர் பிளாஸ்க்கோ 9617. ஆகவே இன்வாய்ஸில் வெறுமே 'ஸ்டீல் சாமான்' என்று எழுதுவது வம்பை விலைக்கு வாங்குவது.