சுழலும் ஒலி: சுற்றியவனுக்கு மட்டும் ஏன் மாறவில்லை?

பத்தாம் வகுப்பில் டாப்ளர் விளைவைக் கற்பிக்கும்போது நாம் எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு ரயிலும் ஆம்புலன்ஸும்தான். கூட்டல் குறி எங்கே, கழித்தல் குறி எங்கே என்பதிலேயே பாடவேளை முடிந்துவிடும். தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் பள்ளியில் ஒரு முறை, முதலில் காதால் கேட்க வைப்போம், வாய்பாடு பிறகு வரட்டும் என்று நினைத்தேன்.

பிசான அறுவடை முடிந்து பக்கத்து வயல் காலியாகக் கிடந்தது. ஒரு சிறிய பஸ்ஸரையும் 9 வோல்ட் பேட்டரியையும் பழைய காலுறைக்குள் வைத்து இறுகக் கட்டி, ஒரு மீட்டர் நைலான் கயிற்றில் பிணைத்தோம். ஒரு மாணவன் அதைத் தலைக்கு மேல் சுற்றினான். மற்றவர்கள் பதினைந்து அடி தள்ளி வட்டமாக நின்றார்கள். ஒலி ஏறி ஏறி இறங்குவதை எல்லோரும் கேட்டார்கள். சுற்றியவன் மட்டும், "எனக்கு ஒண்ணும் மாறலையே சார்" என்றான்.

"நல்லாக் கேளுல" என்று நண்பர்கள் சிரித்தார்கள். நானும், "கவனமாகக் கேள்" என்றுதான் சொன்னேன். அன்று மாலை அவன் குறிப்பேட்டைப் பார்த்தேன். "சுருதி ஏறி இறங்கியது" என்று எழுதியிருந்தான். தான் கேட்காத ஒன்றை, ஆசிரியர் எதிர்பார்க்கிறார் என்பதற்காக எழுதியிருந்தான்.

மறுநாள் நானே சுற்றிப் பார்த்தேன். ஒரே சீரான ஒலி. அவன் சொன்னதுதான் சரி.

காரணம் எளிது. டாப்ளர் விளைவு ஏற்பட, ஒலி மூலம் கேட்பவரை நெருங்க வேண்டும் அல்லது விலக வேண்டும். வட்டத்தின் நடுவில் நிற்பவருக்கும் பஸ்ஸருக்கும் இடையே உள்ள தூரம் எப்போதும் கயிற்றின் நீளமே. பஸ்ஸர் வேகமாக ஓடுகிறது. ஆனால் அவரை நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. பாடநூலில் டாப்ளர் விளைவு நிகழாத சூழல்கள் என்று நாம் விரைந்து கடந்துபோகும் பகுதியை அந்த மாணவன் தன் காதால் கண்டுபிடித்திருந்தான். வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அதைச் சொல்லி, வருத்தமும் தெரிவித்தேன்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

10 வினாடிக்கு 15 சுற்று என்றால், ஒரு மீட்டர் கயிற்றின் நுனியில் வேகம் 2π × 1 × 1.5, அதாவது ஏறத்தாழ 9.4 மீ/வி. பஸ்ஸரின் அதிர்வெண் 3000 ஹெர்ட்ஸ், ஒலியின் வேகம் 340 மீ/வி எனக் கொள்வோம்.

நெருங்கும்போது: 3000 × 340 / 330.6 = 3085 ஹெர்ட்ஸ்
விலகும்போது: 3000 × 340 / 349.4 = 2919 ஹெர்ட்ஸ்

இந்த இடைவெளி, பாட்டுப் படிக்கும் மாணவர்கள் அறிந்த 'ச'வுக்கும் சுத்த 'ரி'க்கும் உள்ள இடைவெளிக்குக் கிட்டத்தட்டச் சமம். குறியில் தவறு செய்தவர்கள், காதில் கேட்டதோடு ஒப்பிட்டுத் தாமே திருத்திக்கொள்வார்கள்.

இசைக்கருவியான சுழற்சி

இதே உத்தியை அமெரிக்காவின் டொனால்டு லெஸ்லி இசைக்குப் பயன்படுத்தினார். ஹாமண்ட் ஆர்கனின் ஒலி அசைவின்றித் தட்டையாக இருப்பதாகக் கருதிய அவர், 1940-களின் தொடக்கத்தில் சுழல் ஒலிபெருக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதில் மேல் சுரங்களுக்கு ஒரு குழாய் சுழலும். கீழ் சுரங்களுக்கு ஓர் உருளை சுழலும். மேலே இரண்டு குழாய்கள் தெரிந்தாலும் ஒன்றில் மட்டுமே ஒலி வரும். மற்றது எடையைச் சமன் செய்வதற்கு. அந்தப் பெட்டி மிகவும் கனமானது. அதன் சாயலை எதையும் சுழற்றாமல் மின்சுற்றால் தர முடியுமா என்ற முயற்சியில் பிறந்தவையே ஃபேஸர் கருவிகள்.

அதன் அடிப்படை நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. கோயில் கொடையில் இரண்டு மரங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். வரப்பில் நடந்து போனால் ஒரே பாட்டு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் கேட்கும். இரண்டு ஒலிகளும் வெவ்வேறு தூரம் கடந்து வருவதால் சில அதிர்வெண்கள் எதிர்க் கட்டத்தில் சந்தித்து அழிகின்றன. இது குறுக்கீட்டு விளைவு. ஃபேஸர், ஒலியைக் கட்டம் மாற்றி மூல ஒலியுடன் கலக்கிறது. அழியும் அதிர்வெண்ணை மேலும் கீழும் நகர்த்துகிறது. 1960-களின் இறுதியில் ஜப்பானில் உருவான யூனிவைப் கருவியில், மின்னி மின்னி எரியும் சிறு விளக்கைச் சுற்றி நான்கு எல்.டி.ஆர்.கள் இருந்தன. நாம் இரண்டை வைத்துச் செய்யலாம்.

தேவையான பொருள்கள்

டி.எல்.072 ஐ.சி. 1 (இதில் இரண்டு பெருக்கிகள் உள்ளன), எல்.டி.ஆர். 2, 0.01 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி 2, 10 கிலோ ஓம் மின்தடை 6, 9 வோல்ட் பேட்டரி 2, பிரெட்போர்டு, டார்ச், பழைய சைக்கிள் சக்கரம், அட்டை.

செய்முறை

1. இரண்டு பேட்டரிகளையும் தொடராக இணைத்து, நடுப்புள்ளியைத் தரையாகக் கொள்ளவும். இரு முனைகளும் ஐ.சி.க்கு மின்சாரம் தரும்.
2. உள்ளீட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியாகப் பெருக்கியின் எதிர் உள்ளீட்டுக்கும், மின்தேக்கி வழியாக நேர் உள்ளீட்டுக்கும் இணைக்கவும். வெளியீட்டிலிருந்து எதிர் உள்ளீட்டுக்கு இன்னொரு 10 கிலோ ஓம். நேர் உள்ளீட்டிலிருந்து தரைக்கு எல்.டி.ஆர். இது முதல் நிலை.
3. இதன் வெளியீட்டை, இதேபோல் அமைத்த இரண்டாம் நிலைக்குக் கொடுக்கவும்.
4. மூல ஒலியையும் இரண்டாம் நிலையின் வெளியீட்டையும் தலா ஒரு 10 கிலோ ஓம் வழியாகச் சேர்த்து, பள்ளி ஒலிபெருக்கிக்கு அனுப்பவும்.
5. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பின்சக்கரத்தின் ஒரு பாதியை அட்டையால் மூடவும். ஒருபுறம் டார்ச், மறுபுறம் அருகருகே இரண்டு எல்.டி.ஆர்.கள். கைபேசியில் தம்புரா ஒலியை இயக்கி, சக்கரத்தை மெல்லச் சுற்றவும்.

ஒவ்வொரு நிலையும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் கட்டத்தை 90 பாகை மாற்றும். இரண்டும் சேர்ந்து 180 பாகை. அந்த அதிர்வெண்தான் அழிகிறது. அதன் மதிப்பு 1 / (2π × மின்தடை × மின்தேக்குத் திறன்). வெளிச்சத்தில் எல்.டி.ஆர். 10 கிலோ ஓம் ஆனால் ஏறத்தாழ 1600 ஹெர்ட்ஸ்; நிழலில் 100 கிலோ ஓம் ஆனால் 160 ஹெர்ட்ஸ். நிழல் சுழலச் சுழல, தம்புராவும் சுழல்வதுபோல் ஒலிக்கும். லெஸ்லியின் முழு நகல் இதுவல்ல, சாயல் கிடைக்கும்.

வகுப்பில் கேட்க வேண்டியவை

- சக்கரத்தை நிறுத்தினால் சுழற்சி உணர்வு ஏன் மறைகிறது?
- மூல ஒலியைத் துண்டித்துவிட்டால் என்ன ஆகும்? ஏன்?
- பஸ்ஸரை வயலில் சுற்றுவதற்கும் நான்கு சுவருக்குள் சுற்றுவதற்கும் என்ன வேறுபாடு?

கீழ் வகுப்புகளுக்குப் பஸ்ஸர் செயல்பாடே போதும். கயிற்றையும் முடிச்சையும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல் நான்கு மடங்கு தள்ளியே நிற்கட்டும்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு மாணவரும் நடுவிலும் ஒரு முறை, வெளியிலும் ஒரு முறை நிற்கிறார்கள். கேட்டதை முதலில் எழுதுகிறார்கள். அதன் பிறகே வாய்பாடு கரும்பலகைக்கு வருகிறது. அந்த மாணவன் தன் பழைய வரியை அடித்துவிட்டு, "நடுவில் நின்றதால் எனக்கு மாறவில்லை" என்று எழுதினான். அதன் கீழ்தான் நான் கையொப்பமிட்டேன்.