கடை பில்லிங்: கல்லாவில் நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகள்

மளிகை, ஸ்டேஷனரி, ஃபேன்சி என்று எந்தச் சிறிய கடைக்குப் போனாலும் இப்போது கல்லா அருகே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் மாலையில் கூட்டம் சேர்ந்ததும் கடைக்காரர் துண்டுச் சீட்டை எடுத்து விடுகிறார். "அப்புறம் ஏத்திக்கலாம்" என்று வைத்த சீட்டுகள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஏறுவதில்லை. மாதக் கடைசியில் ஸ்டாக் இடிக்கும். ஜிஎஸ்டி கணக்கும் இடிக்கும்.

தெரிந்தவர்கள் சிலரின் கடைகளுக்கு நான் பில்லிங் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். சாஃப்ட்வேரை மாற்றாமலே, பொருள் பட்டியலை ஒழுங்காக அமைத்தாலே பாதி வேலை முடிந்து விடும். 2020-ல் வெளிவந்த டேலிபிரைமை வைத்து விளக்குகிறேன். மற்ற பில்லிங் சாஃப்ட்வேர்களிலும் இதே போன்ற வசதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1. பொருளுக்குக் குறுக்கு எண்

கிரியேட் மெனுவில் ஸ்டாக் ஐட்டம் தேர்வு செய்தால் பெயருக்குக் கீழே ஏலியஸ் என்ற இடம் இருக்கும். சில்லறையாக விற்கும் பொருள்களுக்கு இதில் இரண்டு இலக்க எண் கொடுங்கள். துவரம் பருப்புக்கு 11, உளுத்தம் பருப்புக்கு 12 என்பது போல. பில்லில் 11 என்று டைப் செய்து என்டர் தட்டினால் போதும். அதிகம் விற்கும் 30 பொருள்களை முதலில் முடியுங்கள். எண் பட்டியலைத் தராசு அருகே ஒட்டி வையுங்கள்.

பாக்கெட் பொருள்களுக்கு அதன் பார்கோடு எண்ணையே ஏலியஸாகக் கொடுக்கலாம். பார்கோடு ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு இன்னொரு கீபோர்ட் மாதிரிதான். 13 இலக்கங்களை டைப் செய்து, என்டரையும் தானே தட்டி விடும்.

2. அலகில் கவனம்

கிலோ என்ற யூனிட்டை உருவாக்கும்போது டெசிமல் இடங்கள் 3 என்று கொடுங்கள். 0 என்று விட்டு விட்டால் 250 கிராமை 0.250 என்று பதிய முடியாது. சர்க்கரையை மூட்டையாக வாங்கிக் கிலோவாக விற்பவர்கள் எஃப்12 அழுத்தி மாற்று அலகு வசதியை யெஸ் ஆக்கி, 1 மூட்டை = 50 கிலோ என்று கொடுக்கலாம்.

3. மௌஸைத் தொடாதீர்கள்

வவுச்சர்ஸ் பகுதியில் எஃப்8 அழுத்தினால் விற்பனை பில் திறக்கும். கன்ட்ரோல் + ஏ அழுத்தினால் பில் சேமிக்கப்படும். பட்டியலில் இல்லாத பொருள் வந்தால் பில்லை விட்டு வெளியே வர வேண்டாம். பொருள் பெயர் கேட்கும் இடத்திலேயே ஆல்ட் + சி அழுத்தி உருவாக்கலாம். ஆல்டர் மெனுவில் வவுச்சர் டைப், சேல்ஸ் என்று சென்று, சேமித்தவுடன் பிரின்ட் ஆகும் வசதியை யெஸ் ஆக்குங்கள்.

4. விலை மாறும்போது

விலை ஏறினாலும் பாக்கெட்டின் பார்கோடு பெரும்பாலும் மாறாது. பழைய பாக்கெட்டை ஸ்கேன் செய்தாலும் நீங்கள் ஏற்றிய புது விலையே பில்லில் வரும். அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பதை 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் தடை செய்கின்றன, அபராதம் கடைக்காரருக்குத்தான். எனவே பழைய சரக்கைத் தனி ஐட்டமாக உருவாக்கி, 91 போல ஒரு குறுக்கு எண் கொடுங்கள். மீதமுள்ள எண்ணிக்கையை ஆல்ட் + எஃப்7 அழுத்தி, ஸ்டாக் ஜர்னல் மூலம் அதற்கு மாற்றி விடுங்கள்.

5. சோதனை

கடை மூடிய பிறகு, கல்லாவில் உட்காருபவரையே ஐந்து பொருள்களுக்கு பில் போடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று, அவர் தயங்கும் இடங்களையும் மௌஸைத் தேடும் இடங்களையும் குறித்துக் கொள்ளுங்கள். மறுநாள் அவற்றை மட்டும் சரி செய்தால் போதும். சோதனை முடிந்ததும் ஆல்ட் + ஒய் அழுத்தி, பேக்கப் தேர்வு செய்து, டேட்டாவைப் பென் டிரைவில் எடுத்து வைக்க மறக்காதீர்கள்.