வெயில் வேறு, புழுக்கம் வேறு
(கோடை விடுமுறைச் சுற்றுலாவுக்கு ஒரு சுகாதாரப் பாடம்)

ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எங்கே போகலாம்?" என்பதுதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எல்லாக் குடும்பங்களாலும் சென்றுவர இயலாது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய பொழுதுபோக்குப் பூங்காவே பலருக்கும் கைக்கெட்டிய இன்பம். பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் பழஞ்சூரை ஒட்டி அமைந்த குயின்ஸ்லேண்டுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவுக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் குடும்பங்கள் எத்தனையோ கோடைகளில் சென்று வந்துள்ளன. இராட்டினமும் சறுக்கும் செயற்கை அலையும் பிள்ளைகளுக்குத் தரும் மகிழ்ச்சியை நாம் குறை கூறப்போவதில்லை. ஆனால், ஆண்டிலேயே கடுமையான வெயில் காயும் கத்திரி நாட்களில்தான் நாம் அங்கே பகல் முழுவதும் திறந்த வெளியில் நிற்கிறோம். ஆகவே புறப்படுமுன் நம் உடலைப் பற்றியும் நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சிறிது கற்றுக்கொள்வோம்.

உடல் குளிரும் விதம்

நம் உடலின் இயல்பான வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெளிக்காற்று நம் தோலைவிடக் குளிர்ந்திருக்கும் வரையில் உடலின் சூடு தானாகவே காற்றுக்குச் சென்றுவிடும். காற்றின் வெப்பம் 36, 37 டிகிரியை எட்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. எஞ்சியிருப்பது வியர்வை ஒன்றே.

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். வியர்வை வடிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை நீரையும் உப்பையும் இழக்கச் செய்வதோடு சரி, சூட்டைத் தணிப்பதில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை எங்ஙனம் ஆவியாகும்? ஈரத்துணி மழைநாளில் கொடியில் உலராமல் தொங்குவதுபோல நம் தோலும் உலராமல் பிசுபிசுக்கிறது. இதையே நம் முன்னோர் புழுக்கம் என்றனர். வெயிலுக்கு நிழல் மருந்து. புழுக்கத்துக்கோ நிழல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும்.

நம் பகுதியின் நிலை

சென்னையில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 45 டிகிரி. அது 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பதிவாயிற்று. நகரின் கரையோரத்தார்க்கு நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வந்து கைகொடுக்கிறது. ஆனால் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் அது வந்துசேர நேரமாகிறது. மேற்குக் காற்று வலுத்த நாட்களில் அது வராமலே போவதும் உண்டு. ஆகவே மேற்கே உள்ள பூங்காவில் உச்சிப்பொழுதின் வெயில் கொடியது; கடலோரப் பூங்காவில் வெயில் சற்றுத் தணிவாயினும் புழுக்கம் மிகுதி. கடற்காற்று வந்ததும் வெப்பமானி இறங்குகிறது. அதே காற்று ஈரத்தையும் சுமந்து வருகிறது. "இன்று வெயில் குறைவுதானே" என்று ஏமாந்துவிடக் கூடாது.

இதற்கு அண்மைக்காலத்துச் சான்று ஒன்று உண்டு. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினா கடற்கரையில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி நடந்தது. அது கத்திரி வெயில் காலமன்று. அன்றைய வெப்பம் 40 டிகிரியைத் தொடவுமில்லை. ஆயினும் இலட்சக்கணக்கானோர் கூடிய அந்த நெரிசலிலும் நண்பகல் வெயிலிலும் பலர் மயங்கி விழுந்தனர், ஐவர் உயிரிழந்தனர். வெப்பத்தின் தாக்கமே காரணம் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அவர்களும் நம்மைப்போல விடுமுறை நாளைக் களிப்பாகக் கழிக்க வந்தவர்களே. அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சுவதுபோல் வெப்பத்துக்கும் அஞ்ச வேண்டும் என்பதே இதன் பொருள்.

தண்ணீர் குடிக்காத தோழியர்

மாணவியரும் தாய்மாரும் இப்பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். சுற்றுலா என்றதும் நம்மில் பலர் செய்யும் முதற்காரியம், காலையிலிருந்தே தண்ணீரைக் குறைப்பது. "வழியில் கழிப்பறை இருக்குமோ இராதோ, இருந்தாலும் சுத்தமாக இருக்குமோ" என்ற அச்சமே காரணம். ஆண் பிள்ளைகள் அறியாத இத்துன்பத்தை நாம் யாரிடமும் சொல்வதுமில்லை. ஒருத்தி காலை 6 மணிக்கு ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, 10 மணிக்குப் பூங்காவில் நுழைந்து, பிற்பகல் வரை விளையாடினால் அவள் உடலில் வியர்ப்பதற்கு நீர் எங்கே இருக்கும்? மாதவிலக்கு நாட்களில் இவ்வச்சம் இரட்டிப்பாகிறது, களைப்பும் கூடுகிறது.

இதற்கு மருந்து அறிவுரையன்று, ஏற்பாடு. பூங்காவினுள் நுழைந்ததும், எந்த விளையாட்டுக்கும் ஓடுமுன், கழிப்பறை எங்கே உள்ளது என்று பார்த்துவைப்போம். மணிக்கு ஒருமுறை மூவர் நால்வராகச் சேர்ந்து சென்றுவருவோம். கேட்கக் கூச்சப்படுபவளும் கூட்டத்தோடு வந்துவிடுவாள். அழைத்துச் செல்லும் ஆசிரியையும் அன்னையும் "யாருக்கு வேண்டும்?" என்று கேட்காமல், "எல்லாரும் வாருங்கள்" என்று சொல்வது நலம். நீர்க்குறைவை அறிய எளிய அடையாளமும் அங்கேயே உண்டு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நன்று. அடர் மஞ்சளானால் இன்னும் நீர் பருக வேண்டும்.

எதைப் பருகுவது? தண்ணீரே முதன்மையானது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். நம் பாட்டிமார் கோடையில் தந்த நீர்மோர் உப்பையும் சேர்த்துத் தருகிறது. இளநீர், உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, பானகம், வெள்ளரி, நுங்கு, தர்பூசணி யாவும் நல்லவை. வண்ண வண்ணக் குளிர்பானங்கள் நாவுக்கு இதமேயன்றித் தண்ணீருக்கு ஈடாகா. மிகுதியாக வியர்த்துக் களைத்தவர்க்கு, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துத் தரலாம். 1971-இல் வங்கதேச அகதிகளின் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உயிர்களைக் காத்தது இத்தகைய உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொண்டே. வெளியிலிருந்து உணவும் பானமும் கொண்டுவரப் பூங்காவில் அனுமதி உண்டா என்பதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பகற்பொழுதை வகுத்தல்

நுழைவுக் கட்டணம் நாள் முழுமைக்கும் என்பதால், "கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் ஆபத்து இந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது. வெயிலில் நிற்கவேண்டிய விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வோம். 12 மணி முதல் 3 மணி வரை உணவுக்கும் ஓய்வுக்கும் கூரையுள்ள காட்சிகளுக்கும் ஒதுக்குவோம். 4 மணிக்கு மேல் மீண்டும் திறந்த வெளிக்குச் செல்வோம்.

இளைப்பாற இடம் தேடும்போது தகரக் கொட்டகையைவிட மர நிழலே மேல். காய்ந்த தகரம் தலைக்குமேல் அடுப்புப்போல் அனல் வீசும். மரமோ தன் இலைகளிலிருந்து நீரை ஆவியாக்கித் தானும் குளிர்ந்து, கீழே இருப்பவரையும் குளிர்விக்கும். "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்ற பழமொழியைப் பூங்காவின் நீண்ட வரிசைகள் நன்றாகவே கற்பிக்கும். மின்விசிறி உள்ள இடமானால் இன்னும் நல்லது. முகத்தையும் கைகளையும் நனைத்துக்கொண்டு காற்றுப்படும்படி அமர்ந்தால் வியர்வையின் வேலையைத் தண்ணீரே செய்துவிடும்.

நீர் விளையாட்டில் இருப்போரும் கவனமாக இருக்க வேண்டும். உடல் நனைந்திருப்பதால் வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. ஆயினும் உடல் நீரை இழந்துகொண்டுதான் இருக்கிறது. கரையேறும்போதெல்லாம் ஒரு குவளை நீர் பருகுவதை வழக்கமாக்குவோம். மற்ற நேரத்தில் நைலான், பாலியெஸ்டர் ஆடைகளைத் தவிர்த்து, வெளிர் நிறத்தில் தளர்ந்த பருத்தி ஆடை அணிவோம். குடை எடுத்துச் செல்ல வெட்கப்பட வேண்டாம்.

மற்றொன்றும் உண்டு. வெப்பத்துக்குப் பழக உடலுக்கு ஒன்று இரண்டு வாரங்கள் தேவை. தேர்வுக்காக வீட்டினுள்ளேயே அமர்ந்து படித்தவள் மறுநாளே பகல் முழுவதும் வெயிலில் ஓடியாடக் கூடாது. அதற்கு முந்திய வாரம் மாலை வேளைகளில் சற்று விளையாடிப் பழகிக்கொள்ளலாம்.

ஆபத்தின் அடையாளங்கள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை முதல் எச்சரிக்கை. உடனே நிழலுக்குச் சென்று, படுத்து, நீரும் உப்பும் பருகினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் ஒருத்தி பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ, தள்ளாடினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பவாதம் எனக் கொள்ள வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்திருக்கக்கூடும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் இது வரும்.

அப்போது 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். இறுகிய ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, அட்டையாலோ துண்டாலோ விடாமல் விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் வைக்கலாம். பெண் பிள்ளையாயிற்றே என்று தயங்கும் நேரமன்று அது. துப்பட்டாக்களை விரித்துத் தோழியர் திரையாக நிற்கட்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது. சாதாரணக் காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. இதில் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை பெறும்.

நம்மோடு இருப்போர்

சிறு பிள்ளைகள் விளையாட்டு மும்முரத்தில் தாகத்தை மறப்பார்கள். முதியோருக்குத் தாக உணர்வே குறைவு. "நான் இங்கேயே பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று வெயிலில் அமர்ந்துவிடும் பாட்டியை நாம்தான் எழுப்பி நிழலில் அமர்த்த வேண்டும். இருவர் இருவராகத் துணை சேர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது சிறந்த காவல். வழக்கமாகக் கலகலப்பாகப் பேசுகிறவள் திடீரென்று மௌனமானால், "என்னடி, முடியலையா?" என்று ஒரு வார்த்தை கேட்போம்.

நாம் ஒரு நாள் தாங்கும் வெயிலைக் கோடை முழுவதும் தாங்குவோரும் அங்கே உண்டு. இராட்டினத்தை இயக்குபவர், வாயிலில் நிற்கும் காவலாளி, பொம்மை உடைக்குள் புகுந்து நமக்குக் கையசைக்கும் இளைஞர் ஆகியோர் நம்மைப்போல் நினைத்தபோது நிழலுக்கு ஓட முடியாது. தாகமுற்றோருக்குத் தண்ணீர் தருவது இரக்கச் செயல்களுள் ஒன்று என மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். அதைச் செய்து பார்க்கக் கோடையைவிட நல்ல காலம் ஏது? நம் பையில் ஒரு புட்டி நீரை மிகுதியாக வைத்துக்கொள்வோம். இறைவன் ஒப்படைத்த உடலைப் பேணி, உடன் வந்தோரையும் பேணி, சென்ற அனைவரும் சிரித்த முகத்துடன் வீடு திரும்புவோமாக.