கடை கட்டுமுன் முகப்பையும் கூரையையும் பாருங்கள்

ஒரு துணிக்கடையின் இபி பில் எவ்வளவு வரும் என்பது, முகப்புக்கு என்ன போடுவது என்று இன்ஜினியரோடு பேசும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. நம் ஊர் வெயிலில் கடைக்காரர் கட்டும் பணத்தில் பெரும் பகுதி ஏசிக்கும் விளக்குக்கும்தான் போகிறது. இரண்டையும் கூட்டுவதும் குறைப்பதும் கட்டடம்தான்.

இன்று எல்லோரும் கேட்பது முழுக் கண்ணாடி எலிவேஷன். மனை மேற்குப் பார்த்திருந்தால் வேண்டவே வேண்டாம் என்பேன். வெயில் காலத்தில் மாலை 4 மணிக்கு 100 சதுர அடி சாதாரணக் கண்ணாடி வழியே உள்ளே வரும் வெப்பத்தை வெளியேற்றவே ஒரு டன்னுக்கு மேல் ஏசி வேண்டும். அப்போது சூரியன் தாழ்ந்து நிற்பதால், மேலே நீட்டிய சன்ஷேடு உதவாது. செங்குத்தான தடுப்புப் பலகைகளோ, ஆழமான வராந்தாவோதான் மேற்கு வெயிலை நிறுத்தும். தெற்குப் பார்த்த கடைக்கு இந்தச் சிக்கல் குறைவு; உச்சி வெயிலை மூன்றடி சன்ஷேடே பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். வடக்கு முகப்புதான் கண்ணாடிக்கு ஏற்றது. ஆனால் மே முதல் ஜூலை வரை சென்னையில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், அங்கும் சின்ன சன்ஷேடு தேவை.

கண்ணாடி போட்டே தீர வேண்டும் என்றால், கூலிங் ஃபிலிம் ஒட்டிய சாதாரணக் கண்ணாடிக்கும் கோட்டிங் உள்ள கண்ணாடிக்கும் இடையில் இரண்டாவதை எடுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எஸ்ஹெச்ஜிசி என்ற எண்ணைக் கேளுங்கள்; வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்று அது சொல்லும். சாதாரணக் கண்ணாடிக்கு 0.8 அளவில் இருக்கும், நல்ல கோட்டிங்குக்கு 0.3-க்குக் கீழே. மத்திய அரசின் 2017 எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, சுவர்ப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி வேண்டாம் என்கிறது. அது 100 கிலோவாட், அதற்கு மேல் இணைப்புள்ள கட்டடங்களுக்கானது என்றாலும் சின்னக் கடைக்கும் நல்ல வரம்பு. ஒரு வேடிக்கை: லட்சக்கணக்கில் கொட்டிக் கண்ணாடி போட்டவர்களில் பலர், சரக்கு அடுக்க இடமில்லை என்று உள்பக்கம் பிளைவுட் அடித்து ராக் வைத்து மறைத்துவிடுகிறார்கள். கீழ்த்தளத்தில் ஷோகேஸ் அளவுக்குக் கண்ணாடி, மேலே சுவர், அதில் போர்டு. இதுவே போதும்.

கூரை விஷயம் மாடிக் கடைக்கு ஒன்று, ஒற்றைத்தள சூப்பர் மார்க்கெட்டுக்கு வேறு. மூன்று மாடி என்றால் மேல் தளம்தான் தவிக்கும். ஒற்றைத்தளத்தில் கடை முழுவதும் தவிக்கும். பகலில் சூடேறும் கான்கிரீட், வியாபாரம் சூடு பிடிக்கும் மாலையில்தான் அந்த வெப்பத்தைக் கீழே இறக்கும். வெள்ளைப் பூச்சு மலிவு. ஆனால் தூசி படிந்தால் வேலை செய்யாது, ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவ வேண்டும். கூலிங் டைல்ஸ் அதைவிட நீடிக்கும், செலவும் கூடுதல். தகரக் கூரை என்றால் இன்சுலேஷன் இல்லாமல் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங் கூரை இன்சுலேஷனுக்கு மாற்று ஆகாது.

விளக்கில் எல்இடி என்பதில் விவாதம் இல்லை. 50 வாட் ஹாலோஜன் செய்வதை 7 வாட் எல்இடி செய்யும். எரியும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகி ஏசியின் தலையில் விழுகிறது என்பதால் லாபம் இரட்டிப்பு. துணிக்கடைக்காரர் மட்டும், நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90-க்குக் குறையாமல் பார்த்து வாங்கட்டும். இல்லாவிட்டால் கடையில் பார்த்த அரக்குச் சேலை வீட்டில் வேறு நிறமாகித் திரும்பி வரும்.

வாசலைத் திறந்தே வைத்தால்தான் வாடிக்கையாளர் வருவார் என்ற நம்பிக்கை இங்கே ஆழமானது. ஏர் கர்ட்டன் ஓரளவு தடுக்கும், மூடிய கதவுக்கு ஈடாகாது. கடலோர ஊர்களில் உள்ளே வரும் ஈரக்காற்றை உலர்த்தவும் ஏசி உழைக்க வேண்டியிருக்கிறது. இடமிருந்தால் பழைய வீட்டு ரேழிபோல இரண்டு கதவுக்கு நடுவே சிறு நடை விடுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் திறந்த பால் ரேக்கைவிடக் கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ் எப்போதும் மேல்.

சின்னக் கடைக்கு இன்வெர்ட்டர் ஸ்பிளிட், பல மாடிக்கு, ஒரே வெளி யூனிட்டோடு பல உள் யூனிட்களை இணைக்கும் விஆர்எஃப். தீபாவளிக் கூட்டத்துக்காக ஒரே பெரிய மெஷின் வாங்குவதைவிட, தேவையில்லாதபோது அணைத்து வைக்கக்கூடிய பல மெஷின்கள் நல்லது. சோலார் கடைசியில். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும், நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். அதில் ஓட்டை முகப்பை ஈடுகட்ட முடியாது.

'இத்தனை சதுர அடிக்கு இத்தனை டன்' என்று ஏசி டீலர் வாய்க்கணக்கு சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணாடி, கூரை, விளக்கு, ஆட்கள் என்று தனித்தனியாகப் பிரித்த ஹீட் லோடு கணக்கை எழுத்தில் வாங்குங்கள். முகப்புக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாங்குங்கள்.